மில் பூட்டிய மாதத்தில் அடித்த வெள்ளை

“…அதெல்லாம் இருக்கட்டும் மாப்ள. ஊரே வாயக் கட்டி வயித்தக் கட்டிக் கெடக்குது, நீ வீட்டுக்கு வெள்ளை அடிச்சிட்டு நிக்கிற. மில்லு கேட்டாண்ட இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? உனக்கு மட்டும் ஆபீஸ் உள்ளேர்ந்து ஏதோ சொல்லி அனுப்பிட்டாங்களாம்.”

வாசலில் நின்று கேட்டவர் என் மனைவியின் அண்ணன். மில்லில் எனக்கு அடுத்த தறி அவருடையது. எண்பதுகளின் தொடக்கம், மில்லைப் பூட்டி இரண்டாவது மாதம். கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தோம். அங்கே மச்சான் வைத்ததுதான் சட்டம். முதலாளிக்கு விலைபோன ‘கருங்காலி’ என்று அவர் வாயால் ஒரு தரம் வந்துவிட்டால், நாளைக்கு மில் திறந்தாலும் என் பக்கத்தில் உட்கார்ந்து எவனும் சோற்றுத் தூக்கைத் திறக்க மாட்டான்.

இருந்தும் நான் ஏணியை விட்டு இறங்கவில்லை.

எங்களுடையது இரண்டே அறை வீடு. நானும் தம்பியும் ஷிப்ட் மாறி மாறிப் போனதில், பகலில் எங்களில் ஒருவன் உள்ளறையில் தூங்கிக்கொண்டே இருப்பான். கண்ணில் வெளிச்சம் படக் கூடாதென்று சன்னலில் சாக்கு அடித்திருந்தது. பாத்திரச் சத்தம் கேட்காமல் சமைத்தே பழகிப்போன என் மனைவி, “இது வீடா, லாட்ஜா?” என்பாள். தூங்குகிறவன் தலைமாட்டில் யார் வெள்ளை அடிப்பது? பொங்கலுக்குப் பொங்கல் தெருப்பக்கச் சுவருக்கு மட்டும்தான் யோகம்.

மில்லைப் பூட்டிய பிறகுதான் நடுப்பகலில் அந்த அறை முதன்முதலாகக் காலியாக இருந்தது. ஒருநாள் அவள் சாக்கைப் பிடுங்கி எறிந்தாள். வெளிச்சம் வந்ததும்தான் சுவர் என்ன நிறத்தில் இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரிந்தது. “மில்லு மூடுனா நாமளும் மூடிக்கிட்டு இருக்கணுமா?” என்றாள். கட்டிலைச் சன்னலடிக்கு இழுத்தோம். பழைய சேலை ஒன்று திரையானது. கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையில் நீற்றி, ஒரு சிட்டிகை நீலம் போட்டுக் கலக்கினேன்.

வேலை இல்லாதவன் வீடு இருட்டாகத்தான் கிடக்க வேண்டும் என்று எவன் எழுதிவைத்தான்? இன்றைக்கும் சொல்வேன், வீட்டைத் திருத்த அதைவிட நல்ல காலம் கிடையாது. மில் ஓடுகிற காலத்தில் வீடு கண்ணிலேயே படாது.

மச்சானிடமும் அதைத்தான் சொன்னேன். “மில்லு தொறந்தா மறுபடியும் இங்க ஒருத்தன் தூங்குவான். அப்ப அடிக்க முடியுமா? உள்ளேர்ந்து எவனும் எனக்கு எதுவும் சொல்லல, மச்சான். மொதலாளி பூட்டுனான், நான் அந்த நேரத்த எடுத்துக்கிட்டேன்.”

அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது: “பந்தல்ல சீட்டாடுனா போராட்டம், வீட்டுல சுண்ணாம்பு அடிச்சா கருங்காலியாண்ணே?”

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சன்னலைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார்.

“ஈரம்ணே” என்று அவள் சொல்வதற்குள் முதுகு முழுக்க வெள்ளை. அவள் ஈரத்துணியோடு ஓடி வந்தாள். அவள் கையை அவர் தடுத்தார்.

“இருக்கட்டும். எவன் கேட்டாலும், தங்கச்சி வீட்டுச் சுவருன்னு நானே சொல்லிக்கிறேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டார். பந்தலுக்குக் குறுக்கு வழியாக ஒரு சந்து உண்டு. அதில் நுழையாமல், ஆள் கூடி நிற்கும் கடைத்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு நடந்தார்.