முன்வீட்டம்மா குடிக்காத தண்ணீர்

எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அதில் இரண்டு என் தம்பியுடையவை. விளாத்திகுளம் பக்கமிருந்து மகனோடு திருப்பூருக்கு வந்து, இந்தப் பழைய ஓட்டு வீட்டு வரிசையில் குடியேறி வெகுகாலம் ஆகிவிட்டது. இன்றுவரை எனக்குப் பழகாத ஒன்று இங்கே உண்டு. முன்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா எங்கள் வீட்டுக்கு வருவார், உட்காருவார், ஊர்க்கதை எல்லாம் பேசுவார். தண்ணீர் கொடுத்தால் மட்டும் தொடமாட்டார்.

"வேண்டாமுங்க, இப்பத்தான் காப்பி குடிச்சேனுங்க."

எங்கள் ஊரில் சண்டை போட வந்தவன்கூட முதலில் ஒரு செம்பு தண்ணீர் குடிப்பான். வேண்டாம் என்றால் உறவே வேண்டாம் என்று பொருள். இந்த அம்மா சாதி பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்து கேட்கவில்லை. என் செம்பைப் புளி போட்டு இன்னும் பளபளவென்று தேய்த்து வைத்தேன்.

இந்த ஆடியில் தெருவைத் தோண்டினார்கள். எங்கள் வரிசைக்கு வரும் குழாய் வெளியே தெரிந்தது. குழாய்க்காரர் கத்தியால் சுரண்டினார். சாம்பல் நிறத் தோல் உரிந்து உள்ளே வெள்ளிபோல மின்னியது.

"ஈயக் குழாயிங்க அம்மா. ஏனுங்க, இன்னும் இதையா குடிக்கறீங்க? முன்ஊட்டு லைனை நாந்தானுங்க அப்பவே மாத்துனேன். உங்க வரிசையையும் சேத்து மாத்தீரலாம்னேன். அந்தம்மாதான், வாடகைக்கு இருக்கறவங்க, இன்னைக்கு இருப்பாங்க நாளைக்குப் போவாங்கன்னுட்டாங்க."

என் மருமகள் அப்போது ஆறு மாதக் கர்ப்பம். பேத்தி செல்விக்குப் பிறகு பன்னிரண்டு வருடம் கழித்து உண்டான பிள்ளை. ஈயம் இறங்கிய தண்ணீர் வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு ஆகாது என்று டாக்டரம்மா சொன்னார். செல்வியும் இந்தத் தண்ணீரில்தான் வளர்ந்தாள். அதை நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

நேரே முன்வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா முகம் மாறாமல் சொன்னார்: "நீங்க காய்ச்சித்தானுங்களே குடிக்கறீங்க. அதான் ஒண்ணும் ஆவாதுன்னு இருந்துட்டேனுங்க."

"ஈயம் கொதிச்சா ஆவியாப் போயிருமாம்மா? உங்க வீட்டுல காய்ச்ச அடுப்பு இல்லாமலா குழாயை மாத்துனீக?"

"கோவப்படாதீங்க. மாத்தலாம், பாக்கலாமுங்க. இடம் புடிக்கலீன்னா வேற ஊடு பாத்துக்கங்க சாமி. நா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

எங்கள் ஊரில் போ என்றால் கத்திச் சொல்வார்கள். இங்கே சாமி என்று சொல்லித் துரத்துகிறார்கள். சாதி பார்த்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், அது அவரோடு போகிற அழுக்கு. அவர் பார்த்தது தண்ணீரை. தனக்கு ஆகாது என்று தெரிந்து, என் வீட்டுப் பிள்ளைகள் குடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

வீடு அவருடையது, வாடகையும் அவருக்குத்தான். சுவருக்குள் ஓடும் குழாய்க்கு மட்டும் ஆள் இல்லையா? மகன் வேறு வீடு பார்க்கலாம் என்கிறான். நாங்கள் போனால் வெள்ளையடித்து வேறொரு குடும்பத்தை வைப்பார். அப்போது இதைக் குடிப்பதும் எங்கள் தெற்குப் பக்கத்துப் பிள்ளையாகத்தான் இருக்கும். குழாயை மாற்றாமல் நான் நகர்வதாக இல்லை. அதுவரை மருமகளுக்குத் தெருமுனைக் குழாயிலிருந்து தண்ணீர் சுமக்கிறோம். அங்கே குடம் வைத்து நிற்கும் வரிசையில் எனக்குப் பெயர் தெக்கத்திக்காரி.

போன கோயில் கொடைக்கு ஊருக்குப் போனேன். தங்கச்சி கடைக்கு ஓடிப்போய் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிவந்து நீட்டினாள். "நீ திருப்பூர்க்காரி. நம்ம கிணத்துத் தண்ணி உனக்குச் சேராதுக்கா." மூடியைத் திருகத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

திருப்பூருக்கு வீடு தேடி வருகிறவர்கள் முதலில் குழாயைச் சுரண்டிப் பாருங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். செல்வி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதியதை முதலிலிருந்து வாசி. கதவைச் சாத்தாதே. முன்வீட்டுக்குக் கேட்டால் கேட்கட்டும்.