முத்தரசு வீட்டு முள்சங்கு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் முத்தரசு. புதுவயலில் இன்றைக்கு அவர் பேரில் ஓடுகிற அரிசி ஆலையைப் பார்த்துவிட்டு, படித்தவன் எவனாவது வாயைத் திறக்கட்டும் பார்ப்போம். நூறு கிலோ மூட்டையை முதுகில் சுமந்து, லாரிப் பலகையில் ஓடியே ஏறியவர். இருக்கிற அத்தனையும் அந்த முதுகு கொடுத்தது.

அப்படிப்பட்டவரிடம் மூன்று வருடமாக மனைவி பாண்டீஸ்வரி முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் ஒரு சங்கு.

கல்யாணமான புதிதில் அரிசி லாரியோடு ராமேஸ்வரம் போனவர், சங்கு குளிக்கிற ஒருவரிடம் கேட்டு வாங்கி வந்தது. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் முள். சேலை எடுத்துத் தர வக்கில்லாத காலம்.

“அவனவன் பொண்டாட்டிக்குப் பூ வாங்கியாருவான். நீக முள்ளு வாங்கியாந்திருக்கீக” என்று சிரித்தவள், அன்றே அதன் வாய்க்குள் குளிக்கிற மஞ்சள்துண்டைப் போட்டு வைத்தாள். நாற்பத்தெட்டு வருடம் அதுதான் அவளுக்கு மஞ்சள் கிண்ணம். கூரை ஓடாகி, ஓடு மாடியானபோதும் கிண்ணம் மாறவில்லை.

ஆலையைப் பார்க்க வந்த பேராசிரியர் ஒருவர் அதைக் கண்டு, “இப்படி ஒரு முள்சங்கு எங்கள் கல்லூரிக் காட்சிசாலையில்கூட இல்லை” என்றார். புகழ்ந்தால் தலையைக்கூடக் கழற்றிக் கொடுப்பார் முத்தரசு. சங்கைக் கொடுத்துவிட்டார். காளையார்கோவிலுக்குப் போயிருந்த பாண்டீஸ்வரி திரும்பி வந்து கேட்டது ஒன்றுதான்.

“அத எனக்குத்தான குடுத்தீக? எடுத்துக் குடுக்க நீக யாரு?”

போன மாதம், கடல் சங்குகளுக்கென்று சிறப்புத் தபால்தலை வெளியானது. பேப்பரில் அதிலிருந்த முள்சங்கின் படத்தைப் பார்த்ததும் முத்தரசு காரைக்குடிக்கு ஓடி, ஒரு தாள் முழுக்க வாங்கி வந்தார்.

“பாண்டி! நம்ம சங்கு தபால்தலையில ஏறிருச்சு!”

நல்ல காரியக் காகிதத்துக்கு மூலையில் மஞ்சள் தடவ வேண்டாமா? தாளின் நான்கு மூலையோடு நின்றிருக்கலாம். ஒவ்வொரு தலைக்கும் நான்கு மூலை என்று ஈரமஞ்சளைத் தடவித் தீர்த்தார். எல்லாம் ஊறி, படமும் மஞ்சளும் ஒன்றாகிவிட்டன.

பாண்டீஸ்வரியின் தம்பி மாயக்கண்ணன் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“கடல்ல ஒரே ஒரு சங்கா கெடக்கு மச்சான்? இது உங்க சங்குன்னு என்ன சாட்சி?”

“வாயப் பாருடா, மஞ்சளா இருக்கு!”

“அது நீக பூசுன மஞ்சளு. பிள்ளையாரு கணக்காப் பூசி வச்சிருக்கீக.”

பாண்டீஸ்வரி அடுக்களைக்குள் போனாள். மூட்டைக்கு வளையாத முதுகு அன்று வளைந்தது.

மறுநாள் காரைக்குடியில் தபால்தலை தீர்ந்திருந்தது. புதுவயலிலும் இல்லை. நெற்குப்பைத் தபால் நிலையத்தில் கீர்த்தி என்ற பெண் ஒன்றே ஒன்றைத் தனக்கென எடுத்து வைத்திருந்தாள். எவரிடமும் கை நீட்டாத மனிதர், அவள் மேஜைக்கு முன்னால் நின்று முழுக்கதையையும் சொன்னார். பெருமை ஒரு வரிகூடக் கலக்கவில்லை. அவள் எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து, தபால்தலையை மனைவியிடம் நீட்டினார். பாண்டீஸ்வரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சங்கின் வாய் முழுக்க மஞ்சள். இடது ஓரத்தில் மட்டும் வெள்ளையாய் ஒரு தேய்ந்த தடம்.

“இங்கனதான் விரல விட்டு எடுப்பேன்” என்றாள். விரல்நுனி அந்த இடத்திலேயே நின்றது. “என் கிண்ணந்தான்.”

பிறகு நிமிர்ந்தாள். “இதையாச்சும் கேட்டு வாங்குனீகளா, எடுத்துக்கிட்டு வந்துட்டீகளா?”

“கெஞ்சி வாங்கியாந்தேன்.”

“யாரு, நீகளா? கெஞ்சுனீகளா?”

மூன்று வருடச் சிரிப்பையும் சேர்த்து வைத்துச் சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பின், “கைய கழுவிட்டு வாங்க, சோறு போடுறேன்” என்றாள்.