மாடி அறை மேடமும் வெள்ளை ஒயினும்

பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்த கூட்டம் இன்றுதான் வடிந்தது. விடுதி அறைகளையெல்லாம் கழுவி முடித்து, துண்டு கொடுக்க மாடிக்குப் போனேன்.

அங்கே தங்கியிருக்கும் பெங்களூர் மேடம் புல்லாங்குழல் இசையைப் போட்டுவிட்டு வெள்ளை ஒயின் குடித்துக்கொண்டிருந்தார்.

"மருந்தடிக்காத திராட்சைல செஞ்சதுங்க, மண்ணுக்கும் கெடுதல் இல்ல. இந்த மியூசிக்கோட குடிச்சா அலுப்பெல்லாம் போயிடும். கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"ஒயின் வேணாங்க மேடம். பாட்டு மட்டும் கேக்கறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கண் விழித்தபோது என் போன் அவர் கையில் இருந்தது.

"உங்க ஓனர் கூப்பிட்டாரு. நீங்க தூங்கறீங்க, எழுப்ப மாட்டேன்னு சொல்லிட்டேன்."

உடனே ஓனரைக் கூப்பிட்டேன்.

"கஸ்டமரே சொன்னப்புறம் நான் என்னம்மா சொல்றது? காலைல சீக்கிரம் வந்துடு" என்றார்.

குடிக்காமலே இந்த நிலைமை. வேலை நேரத்தில் தூக்கத்தை விரட்டுகிற பாட்டு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.