பல்லில் கறை போட்ட கிணறு

அந்த ஊரில் பெண்கள் சிரித்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். முதலில் அதை வெட்கம் என்றுதான் நினைத்தேன். நாலைந்து வீடுகளில் ஆண்களும் சிரிப்பு வரும்போது துண்டை வாயருகே கொண்டுபோவதைப் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகம் தட்டியது.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் பிரசவம் பார்க்கும் நர்சாக நாமகிரிப்பேட்டையில் குடியிருந்தேன். ஆத்தூர்ப் பக்கம் பிறந்தவள், வயது இருபத்தாறு, கல்யாணம் ஆகாதவள். என்னைச் சந்தேகப்பட இந்த மூன்றே போதுமானவையாக இருந்தன. மூன்று மைல் தள்ளி மலையடிவாரத்தில் இருந்த அந்த ஊருக்கு வாரம் இரண்டு தடவை போவேன். தொண்டை பார்ப்பதற்காகப் பிள்ளைகளை வாயைத் திறக்கச் சொல்லுவேன். பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்த பிள்ளைகளில் அநேகம் பேருக்குப் பல்லின் குறுக்கே பழுப்புக் கோடு ஓடியது. அது வெற்றிலைக் கறை அல்ல. சாம்பல் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

ஊரில் பெரிய நிலக்காரரை எல்லோரும் பண்ணாடி என்றே சொன்னார்கள். நாற்பத்தைந்து வயதுகூட ஆகாதவர். ஆனால் கழுத்து திரும்பாது. பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பார்ப்பார். பங்காளி செய்வினை வைத்துவிட்டான் என்று அவர் நம்பினார். அடுத்த இரண்டு வருஷத்தில் பங்காளியின் முதுகும் விறைக்கத் தொடங்கியது. அப்போது அந்தப் பங்காளி இவரைச் சந்தேகப்பட்டார்.

பண்ணையில் கூலிக்கு உழைத்த குடும்பங்கள் ஓடைக்கரையில், கீழ் வளவு என்ற இடத்தில் இருந்தன. அங்கே பிரசவங்களில் எனக்குக் கூடமாட உதவும் ஒரு விதவை இருந்தாள். நாற்பது வயது, திடமான உடம்பு, எதையும் எளிதில் நம்பாத கண். அவள் வளவுப் பிள்ளைகளின் பல் மட்டும் வெள்ளையாக இருந்தது. நிலக்காரர்கள் இருந்த மேலத்தெருவின் பிள்ளைகள் குடித்தது பாறைக் கிணற்றுத் தண்ணீர். வளவுப் பிள்ளைகள் குடித்தது ஓடைக்கரை மணலில் தோண்டிய ஆழமில்லாத ஊற்றுக் கிணற்றுத் தண்ணீர். வேறு வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இதை எனக்கு மேலே இருந்த டாக்டருக்கு எழுதினேன். பதில் வரவில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் சென்னையிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார். தண்ணீரைச் சோதிக்கிறவர் என்று டாக்டரின் சீட்டு சொன்னது. ஒரு மரப்பெட்டி நிறைய வைக்கோலுக்கு நடுவே கண்ணாடிப் புட்டிகள் கொண்டுவந்திருந்தார். அதோடு ஒரு சுத்தியலும் வைத்திருந்தார்.

புட்டி எனக்குப் புரிந்தது. சுத்தியல்தான் புரியவில்லை. அவர் கிணற்றுக்குப் போவதற்கு முன்னால் அடிவாரத்துக்குப் போனார். பாறையைத் தட்டினார், சில்லுகளை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். சேலத்துப் பக்கம் வெள்ளைக்கல் வெட்டி எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். இப்படித் தட்டிப் பார்த்துப் போனவர்களுக்குப் பின்னால்தான் அங்கே கடப்பாறை வந்தது.

"பல்லுக்கும் பாறைக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"மழைத் தண்ணி பாறை இடுக்கில வருஷக்கணக்கா நிக்குதும்மா. பாறையில இருக்கிற ஒரு உப்பு அதுல கரையும். புளோரின்னு பேரு. வளர்ற பிள்ளைக்குப் பல்லைக் கெடுக்கும், வயசானா எலும்பை இறுக்கும்."

தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தேன். பளிங்கு மாதிரி இருந்தது, நாக்குக்கும் நன்றாகவே இருந்தது. அவர் சொன்னதை நான் நம்பவில்லை. கடிதம் எழுதி அவரை வரவழைத்தவளே நான்தான். இருந்தும் நம்பவில்லை.

ஊர் என்னைவிட வேகமாக முடிவுக்கு வந்தது. சுரங்கம் வரப்போகிறது, நிலம் போய்விடும் என்று ஆண்கள் பேசினார்கள். பட்டாளத்துக்கு ஆள் பொறுக்கத்தான் பல்லைப் பார்க்கிறார்கள் என்று பெண்கள் பேசினார்கள். இரண்டு தெருக்களில் என்னைக் கண்டதும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். கீழ் வளவு விதவைகூடக் கேட்டாள்.

"எங்க புள்ளைக பல்லுதான் நல்லா இருக்குதுங்களே. அப்பறம் எதுக்குங்க அத எழுதறாங்க? நல்லா இருக்கறத எழுதுனா அத எடுத்துக்கறதுக்குத்தான் எழுதுவாங்க."

ஒருநாள் சோதனைக்காரர் படியிறங்கித் தண்ணீர் மொள்ளும்போது அவருடைய நோட்டுப் புத்தகம் கிணற்று மேட்டில் கிடந்தது. எடுத்துப் புரட்டினேன். செய்யக்கூடாத காரியம்தான், ஆனால் கை நிற்கவில்லை. பக்கம் பக்கமாகப் பல் வரிசைகளைப் படமாக வரைந்து, கோடு எங்கே ஓடுகிறதோ அங்கே மை தீட்டியிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். மலையும் ஓடையும் வரைந்த படம், அதில் ஏழெட்டு இடங்களில் சிவப்புக் குறி. வெட்கம் போய்விட்டது. புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். அவர் மேலே வந்து புத்தகத்தையும் என்னையும் பார்த்தார், புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நிரப்பிய புட்டிகளைப் பண்ணாடி வீட்டுக்கு எதிரே இருந்த ஊர்ச் சாவடியில் வைத்துப் பூட்டினோம். சாவியை அவர் என்னிடம் கொடுத்தார். மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது பெட்டி கவிழ்ந்து கிடந்தது. ஒரு புட்டிகூடத் தப்பவில்லை. வைக்கோல் ஈரமாக இருந்தது. பூட்டோ உடையாமல் பூட்டியபடியே இருந்தது.

பங்காளியின் வேலை என்று பண்ணாடி சொன்னார். சோதனைக்காரரே உடைத்துவிட்டு ஊர்மேல் பழி போடுகிறார் என்று சாவடியில் நின்றவர்கள் சொன்னார்கள். சோதனைக்காரர் யாரையும் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்தார்.

"சாவி உங்ககிட்டதானேம்மா இருந்தது?"

ஆமாம் என்றேன். முந்தின நாள் சாயங்காலம் அந்தச் சாவி எங்கெல்லாம் இருந்தது என்று யோசித்தபோதுதான் நினைவு வந்தது. பண்ணாடியின் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. அவளைப் பார்க்கப் போனபோது பையையும் சாவியையும் நடையில் வைத்துவிட்டுக் கை கழுவப் பின்கட்டுக்குப் போனவள், அங்கே வீட்டுப் பெண்களின் பேச்சில் வெகுநேரம் நின்றுவிட்டேன். புறப்படும்போது சாவியைக் காணாமல் தேடினேன். "இங்கதானுங்க கெடந்துது" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள்.

நேராக அந்த வீட்டுக்குப் போனேன். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோல உட்கார்ந்து அவள் வலக்கையைப் பிடித்தேன். உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது.

"கையில என்ன?"

"அருவாமணை வெட்டிருச்சுங்க."

துணியை அவிழ்த்தேன். காயத்தின் ஓரத்தில் கண்ணாடிச் சில்லு மினுங்கியது. இடுக்கியால் எடுத்து அவளுக்கு முன்னால் தரையில் வைத்தேன். அவள் கதவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"நாந்தானுங்க ஒடச்சேன். நீங்க பின்னால போனப்போ சாவியெடுத்துட்டுப் போயித் தொறந்து, ஒடச்சுப் போட்டுப் பூட்டிட்டு வந்துட்டேன்."

"எதுக்கு இப்படிச் செஞ்சீங்க?"

"பெரியவளுக்கு மல்லசமுத்திரத்துல பேச்சு நடக்குதுங்க. எங்க ஊட்டுத் தண்ணி கெட்டதுன்னு காயிதத்துல ஏறிப்போச்சுன்னா எம் புள்ளைய எவங் கட்டுவான்?"

"பல்லைப் பார்த்தாலே அவங்களுக்குத் தெரிஞ்சிடாதா?"

"வாயத் தொறக்காம உக்கோருன்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவள் வயிற்றைக் காட்டிக் கேட்டேன். "இதுக்கும் அப்படியே சொல்லித்தான் வளர்க்கப்போறீங்களா?"

அவள் அழவில்லை. அந்தச் சில்லை எடுத்து முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

"ஆருகிட்டயும் சொல்லாதீங்க. வேற புட்டி கொண்டாரச் சொல்லுங்க. எங்க கெணத்துத் தண்ணிய நானே மொண்டு தாரேன்."

நான் யாரிடமும் சொல்லவில்லை. சோதனைக்காரர் ராசிபுரம் போய் வேறு புட்டிகள் வாங்கி வந்து மறுபடி நிரப்பினார். இந்தத் தடவை சாவியைத் தன் இடுப்பிலேயே முடிந்துகொண்டார். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில் பெட்டியை ஏற்றிவிட்டு விடைபெறும்போது எனக்குக் கும்பிடு போட்டார். அதில் மரியாதை இருந்தது, நம்பிக்கை இல்லை.

ஆடிக் கடைசியில் அவர் கடிதம் வந்தது. மேலத்தெருக் கிணறுகள் மூன்றிலும் அந்த உப்பு அளவுக்கு மீறி இருந்தது. பண்ணாடியின் அப்பா வெடிவைத்து ஆழமாக்கிய கிணற்றில் எல்லாவற்றையும்விட அதிகம். காய்ச்சினாலும் வடிகட்டினாலும் போகாது என்று எழுதியிருந்தார். கீழ் வளவின் ஊற்றுக் கிணற்றில் மட்டும் மிகக் குறைவு. கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று முடித்திருந்தார்.

அதைப் பண்ணாடியின் வீட்டில் படித்துக் காட்டினேன். பண்ணாடி உடம்பைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தார்.

"அந்த வளவுத் தண்ணிய எங்க ஊட்டுல கொண்டாந்து வெக்கோணும். அதுக்குத்தானுங்க இத்தன நாடகமும்? உங்களுக்கு இதச் சொல்லிக் குடுத்தது ஆரு?"

அவர்கள் அந்தக் கிணற்றைத் தொடமாட்டார்கள், வளவுக்காரர்களை இந்தக் கிணற்றைத் தொட விடமாட்டார்கள். பரம்பரை வழக்கம் அது. அதை உடைக்க ஒரு நர்சும் ஒரு காகிதமும் போதாது என்று எனக்குத் தெரியும். வளவுக்குப் போனால் அங்கே வேறு பேச்சு காத்திருந்தது. விதவை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க தண்ணி நல்லதுன்னு சத்தமாச் சொல்லாதீங்க, அம்மா. சொன்னீங்கன்னா நாளைக்குக் கெணத்தச் சுத்தி முள்ளு போட்டுருவாங்க. அப்பறம் நாங்க எங்கீங்க போறது?"

கடிதம் கையில் கனத்தது. உண்மையை ஊரறியச் சொன்னால் வளவுக்காரர்கள் தண்ணீரை இழப்பார்கள், சொல்லாவிட்டால் மேலத்தெருப் பிள்ளைகள் பல்லையும் முதுகையும் இழப்பார்கள். திரும்பத் திரும்பப் படித்ததில் அவர் கீழே எழுதியிருந்த இரண்டு வரி கண்ணில் பட்டது. நன்மை அந்த ஒரு கிணற்றில் இல்லை, ஓடை மணலில்தான் இருக்கிறது, அதே மணலில் வேறெங்கு தோண்டினாலும் இதே தண்ணீர் கிடைக்கலாம் என்று இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் சிவப்புக் குறி வைத்த இடங்களையும் எழுதியிருந்தார். எல்லாம் ஓடைக்கரையில், தோண்டுவதற்கு ஏற்ற இடங்கள். அதில் ஒன்று பண்ணாடியின் மேட்டு நிலத்தில், வளவுக்குச் சற்று மேலே.

பண்ணாடியின் மனைவிக்கு ஐப்பசியில் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. நான்தான் பார்த்தேன், கடிதத்தின் அந்தக் கடைசி வரிகளையும் அவளுக்குப் படித்துச் சொன்னேன். தீட்டு கழிந்த அன்று அவள் கணவரிடம் மேட்டு நிலத்தில் கிணறு வேண்டும் என்று கேட்டாள். அவர் முடியாது என்றார். அவள் மூன்று நாள் சமைக்கவில்லை. நாலாம் நாள் அவர், "பொம்பளைக சமாச்சாரம், என்னமோ பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

தோண்ட வேண்டியவர்கள் வளவு ஆட்கள். தை மாதம் மண்வெட்டியோடு வந்தார்கள், ஆனால் ஒருவரும் மண்ணில் வைக்கவில்லை. விதவை முன்னால் வந்தாள்.

"மேல தோண்டுனா கீழ இருக்கற எங்க ஊத்து வத்திப்போயிரும்ங்க. அதுக்குத்தான் இந்த எடமான்னு கேக்கறோம்."

அது நியாயமான சந்தேகம். பண்ணாடியின் மனைவி குழந்தையைத் தோளில் போட்டபடி கேட்டாள். "என்ன பண்ணோணும்ங்கற?"

"எங்க கெணத்து ஆழத்துக்கு மேல ஒரு முழங்கூட எறங்கக்கூடாதுங்க. நாந்தான் அளப்பேன்."

அதுவரை அந்த ஊரில் வளவுக்காரர் யாரும் அப்படி நிபந்தனை போட்டதில்லை. பண்ணாடியின் மனைவி, "அளந்துக்க" என்றாள். விதவை ஒரு கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டுத் தன் கிணற்றில் இறக்கிக் கணக்கு வைத்துக்கொண்டாள். எட்டு நாளும் சாயங்காலம் அதே கயிற்றைப் புதுக்குழியில் இறக்கிப் பார்த்தாள். எட்டாம் நாள் மணலிலிருந்து தண்ணீர் சுரந்தது. ஒன்பதாம் நாள் கயிற்றுக் கணக்கு முடிந்ததும் ஆட்களை மேலே ஏறச் சொன்னது அவள்தான்.

முதல் கோடையில் இரண்டு கிணற்றிலும் தண்ணீர் கீழே போனது, வற்றவில்லை. வருஷாவருஷம் சித்திரையில் அவள் கயிறு இறக்கிப் பார்த்தாள். "இந்த வருசம் செரி, அடுத்த வருசம் பாக்கோணும்" என்பாள். நானும் அதற்குமேல் எதிர்பார்க்கவில்லை.

மல்லசமுத்திரத்துச் சம்பந்தம் நின்றுபோனது. காரணம் யாருக்கும் தெரியாது. பண்ணாடியின் மனைவி மட்டும் என்னைச் சந்தேகப்பட்டாள். சத்தியம் செய்தேன், தலையை ஆட்டினாள், அந்த ஒரு விஷயத்தில் கடைசிவரை நம்பவில்லை. பெரியவளைப் பிறகு ராசிபுரத்தில் கொடுத்தார்கள்.

நான் கையில் ஏந்திய குழந்தைக்கு ஏழாவது வயதில் முன்பல் முளைத்தது. வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். பழுப்பு இல்லை. தாய் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதால் என்றாள். நான் மறுக்கவில்லை. மேலத்தெருவில் பாதிப் பேர் அதற்குள் மேட்டுக் கிணற்றுக்குக் குடம் எடுத்துப் போகத் தொடங்கியிருந்தார்கள். சோதனைக்காரருக்கு எழுதினேன். அவர் அந்த வேலையில் இப்போது இல்லை என்று வேறொருவர் கையெழுத்தில் பதில் வந்தது.

அந்த வருஷமே எனக்கு மாற்றல் ஆனது. சொல்லிக்கொள்ளப் போனேன். பண்ணாடி அப்போது நன்றாகவே வளைந்துவிட்டிருந்தார். பக்கத்தில் சொம்பு இருந்தது. எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"எங்க கெணத்துத் தண்ணிதானுங்க. நீங்க சொன்னது நெசம்னு எனக்கு அப்பவே தெரியும். எங்கப்பன் கூன் விழுந்துதான் செத்தாரு. அவரு வெட்டுன கெணறுதான் அவரக் கொன்னுதுன்னு ஊரு முன்னால நான் எப்பிடிங்க சொல்லுவேன்?"

இத்தனை வருஷம் அவர் என்னைச் சந்தேகப்படுகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே வண்டிக்காரர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குரல் கொடுத்தார்.

"போயிட்டு வாங்க, சாமி" என்றார் பண்ணாடி.