கூட்டம் வேறு, பெருக்கம் வேறு

தண்ணீர் லாரி வரும் நேரத்தைச் சொல்லும் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில்தான் அந்தச் செய்தியும் வந்தது. இரண்டாம் மாடி வசந்தி மேடம் தூக்கத்திலேயே போய்விட்டார். காபி தம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

ஆவடிக்கு அப்பால் கூவம் கரையில் குடியிருக்கும் நம் எல்லாருக்கும் அவரைத் தெரியும். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். காலையில் நாமெல்லாம் எடை குறைய நடந்தால், அவர் தண்ணீர்ப் பாம்பு எண்ண நடப்பார். ஆற்றில் அவை வருஷா வருஷம் குறைந்துவருவது அவருக்குப் பெருங்கவலை. பல்லிக்கே பயப்படுகிற என்னையும் துணைக்கு இழுத்துப்போவார். ஒருநாள் மூன்று பாம்பைப் படமெடுத்துவிட்டேன் என்று எல்லார் முன்னாலும் பீற்றிக்கொண்டேன். படங்களைப் பெரிதாக்கி, கண்ணுக்குக் கீழே உள்ள கோடு மூன்றிலும் ஒரே இடத்தில் உடைந்திருந்ததைக் காட்டி, மூன்றும் ஒரே ஆள்தான் என்று சிரித்தார்.

போன கோடையில் ஆறு வற்றி, நம் சுவரோரம் ஒரு மடு மட்டும் மிஞ்சியது. எட்டிப் பார்த்தால் பாம்பாக நெளிந்தது. சங்கக் கூட்டத்தில் தலைவர் ஏழுமலை எழுந்தார். "புள்ளைங்க ஆட்ற எடம் மேடம். பாம்பு ஜாஸ்தியாய்க்கினே போவுது. மண்ணு கொட்டி மூடிடலாம்" என்றார். அவர் பயத்தில் தப்பில்லை. கை தூக்கச் சொல்லியிருந்தால் மடு அன்றைக்கே போயிருக்கும்.

மேடம் பாடம் எடுக்கவில்லை. "காலைல ஒரு லோக்கல் ரயில் ரத்தானா அடுத்த வண்டில தொங்கிட்டுப் போறீங்களே, அன்னைக்கு ஆவடியில ஜனம் பெருகிடுச்சா ஏழுமலை?" என்று கேட்டார். அந்த வண்டியில் தினமும் நசுங்குகிறவர்கள்தானே அங்கே இருந்த அத்தனை பேரும். "மத்த எடத்துல தண்ணி போச்சு. மிச்சம் இருக்கறதே இவ்ளோதான், எல்லாம் இங்க வந்து நிக்குது. இதையும் மூடிட்டா அப்புறம் எண்ண ஒண்ணுமிருக்காது." ஏழுமலை தலையைச் சொறிந்தார். கடைசியில் மண் கொட்டவில்லை, வலைவேலி போட்டோம்.

ஐப்பசி மழையில் ஆறு ஓடியது. மடுவில் ஒரு பாம்பையும் காணோம். பதறிப்போய் மேடத்தை அழைத்துவந்தேன். "ஆறு முழுக்க உக்கார எடம் கிடைச்சிருக்கு சார்" என்றார். அவ்வளவு நிம்மதியாக அவரை நான் பார்த்ததேயில்லை.

மேடம், உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. எங்கே நெரிசலைக் கண்டாலும், எரிச்சல் வருமுன், எந்த வண்டி ரத்தாயிற்று என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு நன்றி.

இன்று காலை தனியாகப் போனேன். தண்ணீருக்கு மேல் ஒரு பாம்புத் தலை தெரிந்து மறைந்தது, சற்றுத் தள்ளி இன்னொன்று எழுந்தது. பயம்தான், ஆனாலும் நின்றேன். பின்னாலேயே ஏழுமலை வந்து, எத்தனை என்று கேட்டார். ரெண்டு என்றேன்.

"நல்லா பாரு சார்" என்றார். "ஒரே ஆளா இருக்கப்போவுது."