ராஜாவும் பங்காளியும், சரவணம்பட்டி

ஆங்கில சரித்திர நாடகத்தைப் பாடமாக நடத்துகிறவருக்குப் பாதி ஆயுள், செத்துப்போன ராஜாக்களில் யார் யாருக்கு என்ன முறை என்று சொல்வதிலேயே போய்விடும். சக ஆசிரியர்களே, உங்களுக்குத் தெரியாததா!

படம் போட்டேன்

என் வகுப்பில் தரணியும் பவித்ராவும் அண்ணன் தம்பி பெற்ற பெண்கள். கோபிச்செட்டிபாளையத்தில் கிணற்றுத் தண்ணீர் முறைக்காக அப்பாக்கள் முறைத்துக்கொண்டதிலிருந்து மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. ஆண்டு விழா நாடகத்துக்கோ, கடைசி வரிசை வரை குரல் எட்டுகிறவர்கள் இவர்கள் இருவர்தான். நான் என்ன செய்வேன்? தரணி ராஜா, பவித்ரா பங்காளி என்று போட்டுவிட்டேன்.

அந்த நாடகத்தை வகுப்புக்கு முதலில் சினிமாவாகக் காட்டினேன். சித்தப்பா கண்மூடியதும் அவர் சொத்தை ராஜா எடுத்துக்கொள்கிறான், சித்தப்பா மகன் படையோடு வருகிறான். பழைய ஆங்கிலம் புரிகிறதா என்று கேட்டேன். பவித்ரா எழுந்தாள்.

"பெரியப்பா ஊட்டுல இப்படித்தானுங்க மேடம் பண்ணுவாங்க. இதுக்கு எதுக்குங்க சப்டைட்டில்?"

ரேடியோ நாடகம்

கண்ணை மூடிக் கேளுங்கள் என்றேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்படிச் சொன்னது என் தப்புத்தான். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது:

"சண்டை வந்தா எழுப்புங்க மேடம்."

வம்சாவளி

சரித்திரப் புத்தகத்தைப் பார்த்து ராஜ குடும்பத்தின் வம்சாவளி வரைந்து வரச் சொன்னேன். தரணி கொண்டுவந்தது தாலுகா ஆபீசில் கொடுக்கும் வாரிசு மனு மாதிரியே இருந்தது. இறந்தவர், உயிரோடிருப்பவர், கீழே இரண்டு சாட்சிக்கு இடம். ஓரத்தில் இளவரசிகள் பெயர் வரிசையாக. இவர்கள் நாடகத்திலேயே வரவில்லையே என்றேன்.

"அத்தைமாரு கையெழுத்துப் போடாம பட்டா மாறாதுங்க மேடம்."

கிரீடம்

கடைசியில் ராஜா தோற்றுப் பங்காளியிடம் கிரீடத்தை ஒப்படைக்க வேண்டும். ஒத்திகையில் தரணி அதைக் கையில் கொடுக்கவே இல்லை. மேஜைமேல் வைப்பாள், பவித்ரா எடுத்துக்கொள்வாள். விழா நாள் வந்தது. முன்வரிசையில் இரண்டு அப்பாக்களும் ஆளுக்கொரு மூலையில்.

மேடையில் மேஜை வைக்க மறந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் தரணி கிரீடத்தைப் பவித்ரா தலையிலேயே வைத்தாள். தரணியின் தலை அளவுக்குச் செய்த அட்டைக் கிரீடம் சரிந்து பவித்ராவின் கண்ணை மறைத்தது. தரணி தன் கொண்டை ஊசியை உருவிக் குத்தியபடி, மைக் இருப்பதை மறந்து, "ஆடாம நில்லு கண்ணு, உழுந்துரும்" என்றாள். மூன்று வருஷத்தில் முதல் பேச்சு.  என் பக்கத்தில் துறைத்தலைவர் நாடகப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மேடம், இந்த வசனம் எந்தப் பக்கத்துலங்க வருது?"

அடுத்த தேர்வில் இருவர் தாளிலும் ஒரே தப்பு ஒரே இடத்தில் இருந்தது. காப்பியடித்ததைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது என் சர்வீஸிலேயே அன்றைக்கு மட்டும்தான்.