பார்க்கலாம் என்றால் முடியாது

பட்டுப் பாவாடைக்குக் கரை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ரோஸ்லினின் தங்கை பேசினாள். "அக்கா போயிட்டாங்க, சுகுணாக்கா. தூக்கத்துலயே." பாவாடையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

மல்லேஸ்வரத்தில் ரோஸ்லின் நடத்திய பிரவுசிங் சென்டருக்கு வந்துபோன உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஊறுகாய் போடுபவர், மெஹந்தி வைப்பவர், என்னைப்போலத் துணி தைப்பவர் என்று நம் எல்லோருடைய தொழிலுக்கும் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டுக்கொடுத்தவர். மவுஸைத் தொடவே பயந்த என்னிடம், "கடிக்காதுக்கா, புடிங்க" என்பார்.

சிங்கப்பூரிலிருந்து எனக்கு வந்த முதல் ஆர்டரிலேயே வம்பு வந்தது. தம்பி கல்யாணத்தில் வீட்டுச் சிறுமிகள் ஒரே மாதிரி உடுத்த ஐந்து பாவாடை வேண்டும் என்று ஒரு பெண் கேட்டிருந்தார். கையில் வேறு வேலை நிறைய இருந்தது. "பார்க்கலாம்னு போட்டுடுங்க" என்றேன். நாம் பார்க்கலாம் என்று இழுத்தால், கேட்டவர் மனம் நோகாமல் முடியாது என்கிறோம். அவரும் புரிந்துகொண்டு வேறு ஆளைத் தேடுவார். ரோஸ்லின் அதை அப்படியே இங்கிலீஷில் தட்டி அனுப்பினார். கல்யாணம் நெருங்கியபோது அந்தப் பெண்ணிடமிருந்து மெயில் வந்தது. 'பாவாடைகளை அனுப்பிவிட்டீர்களா? உங்களை நம்பி வேறெங்கும் சொல்லவில்லை.'

"நான் எப்ப சரின்னு சொன்னேன்?" என்று ரோஸ்லினிடம் சண்டைக்கே போனேன். அவர் அந்த மெயிலை இன்னொரு முறை படித்தார்.

"டைப் பண்ணது நான்தானே. பாவம், அந்தப் பிள்ளைங்க என்ன பண்ணும்? வாங்கக்கா, தைக்கலாம்."

சென்டரைப் பூட்டிவிட்டு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார் மகராசி. அவருக்கு நேராக ஒரு கோடு தைக்க வராது. ஓரம் மடித்தார், ஹூக் வைத்தார், விரலில் குத்திக்கொண்ட போதெல்லாம் "ஏசப்பா" என்றார். பார்சல் எப்படியோ கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. ஒரு பாவாடையில் மட்டும் ஹூக் தலைகீழாக இருந்ததாம். அதை வைத்தது யார் என்று உங்களுக்கே தெரியும்.

அதற்குப் பிறகு யார் பார்க்கலாம் என்றாலும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவார். "அவங்களுக்கு உங்க முகம் தெரியாதுக்கா. முடியுமா, முடியாதா? வாயத் தொறந்து சொல்லுங்க." துணி கேட்ட ஒரு அம்மாவுக்கு நான் முதல்முறை முடியாது என்று அனுப்பச் சொன்னபோது யாரையோ வாசலோடு திருப்பி அனுப்பியதுபோல் சங்கடமாக இருந்தது. பதில் மெயிலில், அடுத்த மாதம் தைத்துத் தரமுடியுமா என்று அந்த அம்மா சாதாரணமாகக் கேட்டிருந்தார்.

இப்போது மெயிலெல்லாம் நானே எழுதுகிறேன். நேற்று கல்லறையிலிருந்து திரும்பியதும், தீபாவளிக்குத் துணி கேட்டிருந்த எல்லோருக்கும் எழுதினேன்: இந்த வாரம் என்னால் தைக்க முடியாது, என் ரோஸ்லின் போய்விட்டாள். மழுப்பாமல் சொல்லும் இந்தத் துணிச்சல் அவர் எனக்குக் கொடுத்தது. அதை வைத்து இப்படி ஒரு மெயில் எழுத வேண்டிவரும் என்று நான் நினைக்கவில்லை.